இன்டர்ன்ஷிப் முடிந்தது, இனி கண்

ஆஸ்பத்திரியில் பயிற்சி மருத்துவராக வேலை பார்க்கிற இன்டர்ன் வருடம் ஒருவழியாக முடிந்துவிட்டது. முடிந்த அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை, தூக்கம்தான் வந்தது. நன்றாகத் தூங்கி எழுந்து, கண் மருத்துவ ரெசிடென்சி, அதாவது சிறப்புப் பயிற்சி, தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்று உறைத்த பிறகுதான், இந்த வருடம் எனக்கு என்ன செய்தது, போகிற இடத்துக்கு இதில் எது உதவும், எதைத் தூக்கிப் போடலாம் என்றெல்லாம் யோசனை ஓட ஆரம்பித்தது. சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். ரெசிடென்சி தொடங்கிவிட்டால் அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் நேரம் இருக்காது.

"கண்ணுக்குப் போகிற ஆளுக்கு இதெல்லாம் எதற்கு?" வருடம் முழுக்க என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். ராத்திரி இரண்டு மணிக்கு, சோடியம் குறைந்த நோயாளிக்கு எவ்வளவு வேகத்தில் ஏற்றலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது பொது மருத்துவ சீனியர்கள் கிண்டலாகக் கேட்பார்கள். கண் மருத்துவத்தில் இருக்கிற சீனியர்களோ ஆறுதலாகச் சொல்வார்கள், ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடு, அப்புறம் ஸ்டெதஸ்கோப்பைப் பரணில் போட்டுவிடலாம் என்று. இரண்டு பேர் சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. பொறுமை வரும், ஒழுங்கு வரும், உழைப்பு பழகும் என்று வழக்கமாகச் சொல்கிற காரணங்களுக்காக இல்லை, அதெல்லாம் எந்த வேலையில் வேண்டுமானாலும் வரும். கண் மட்டும் தனியாக நடந்து க்ளினிக்குக்கு வருவதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஒரு பை நிறைய மாத்திரை இதெல்லாம் உள்ள ஒரு ஆளோடு சேர்ந்துதான் வருகிறது. அந்த ஆளை முழுசாகப் பார்க்கக் கற்றுக்கொள்ள எனக்குக் கிடைத்த, அநேகமாகக் கடைசி வாய்ப்பு இந்த வருடம்.

இன்டர்ன் வேலை என்னவென்று வெளியில் இருப்பவர்களிடம் விவரமாகச் சொன்னால் ஏமாந்துபோவார்கள். பாதி நாள் எழுத்து வேலை. சட்டைப்பையில் நான்காக மடித்த ஒரு தாள் இருக்கும், அதில் ஒவ்வொரு நோயாளியின் பெயருக்கு எதிரேயும் சின்னச் சின்னக் கட்டங்கள். செய்ய வேண்டிய வேலைக்குக் காலிக் கட்டம், ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டால் குறுக்கே ஒரு கோடு, ரிசல்ட்டைப் பார்த்து அதற்கு வேண்டியதையும் செய்துவிட்டால் கட்டம் முழுக்கக் கறுப்பு. மாலையில் ஷிஃப்ட் மாறும்போது எத்தனை கட்டம் காலியாகக் கிடக்கிறதோ, அந்த அளவுக்கு அன்றைக்கு மானம் போகும். நடுநடுவே டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் பிரிவுக்குப் போன் போட்டு நைச்சியமாகப் பேசுவது, ஒரே வீட்டிலிருந்து வருகிற மூன்று உறவினர்கள் தனித்தனியாக வந்து கேட்கிற ஒரே கேள்விக்கு முகம் மாறாமல் பதில் சொல்வது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனால் இது நடக்காவிட்டால் ஆஸ்பத்திரியே நடக்காது.

இப்படியே போய்க்கொண்டிருக்கும்போது எப்போதோ ஒன்று பிடிபடுகிறது. எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அறை வாசலில் நின்று பார்த்தாலே, இவரை இப்போதே கவனிக்க வேண்டும், அவர் அரை மணி நேரம் தாங்குவார் என்று தெரிய ஆரம்பிக்கிறது. மூச்சு வாங்குகிற வேகம், கழுத்துத் தசை இழுப்பது, நெற்றி வியர்வை, படுக்கப் பிடிக்காமல் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற விதம். "டாக்டர், எல்லா நம்பரும் சரியாத்தான் இருக்கு, ஆனா எனக்கு இவர் சரியாப் படல" என்று பழைய சிஸ்டர்கள் வந்து சொல்லும்போது ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருக்கும், எண்ணில் இல்லாததை நான் எங்கே போய்த் தேடுவது என்று. இப்போது அப்படி ஒருவர் சொன்னால் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஓடுவேன். நாளைக்குக் கண் க்ளினிக்கில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறவர்களில் ஒருவர், கண்ணாடி மாற்ற வந்தேன் என்று சொல்லிக்கொண்டே உண்மையில் வேறு ஏதோ பெரிய நோயோடு உட்கார்ந்திருப்பார். அவரை வாசலிலேயே கண்டுபிடிக்க எனக்கு இந்தப் பழக்கம் வேண்டும்.

கண்ணுக்குப் போவது உறுதியான பிறகு வார்டில் எல்லோருடைய கண்ணும் என் கண்ணில் பட ஆரம்பித்தது வேறு கதை. ஐசியூவில் முதலில் பட்டது மூடாத இமைகள். வென்டிலேட்டரில், மயக்க மருந்தில் கிடக்கிறவர்களுக்கு இமை முழுசாக மூடாது, கண் சிமிட்டலும் இருக்காது. கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போல இருக்கிற கருவிழியின் கீழ்ப்பகுதி காய்ந்து, மேல் தோல் உரிந்து, கிருமி புகுந்தால் புண்ணாகிவிடும். நுரையீரல், சிறுநீரகம், இதயம் எல்லாவற்றையும் மணிக்கு மணி குறித்து வைத்து உயிரைக் காப்பாற்றி அனுப்பிய பிறகு, அந்த ஆளுக்குக் கருவிழியில் தழும்பு விழுந்து பார்வை போயிருந்தால் எப்படி இருக்கும்? தடுக்க வேண்டியது சின்ன வேலைதான், வேளாவேளைக்கு மசகு களிம்பு போட்டு இமையை மூடி வைத்தால் போதும். நல்ல ஐசியூக்களில் நர்ஸ்கள் யாரும் சொல்லாமலே இதைச் செய்துவிடுகிறார்கள். ரவுண்ட்ஸில் டாக்டர்கள் வாயிலிருந்து இதைக் கேட்பது அபூர்வம்.

ரத்தத்தில் கேண்டிடா பூஞ்சை வளர்ந்தால் கண் டாக்டரைக் கூப்பிடுவார்கள், பூஞ்சை ரத்தத்தின் வழியாக விழித்திரையில் போய் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க. தலையில் விளக்கு மாட்டிய ஒருவர் வருவார், கண்மணி விரிய சொட்டு மருந்து விட வேண்டும் என்பார். உடனே நரம்பியல்காரர்கள் பதறுவார்கள். மூளையில் அழுத்தம் ஏறுகிறதா என்பதற்கு அவர்கள் கண்மணியைத்தானே மணிக்கு மணி டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள், அதை மருந்து விட்டு விரித்துவிட்டால் ராத்திரி எதை நம்புவது? இந்தப் பஞ்சாயத்தில் நடுவில் நிற்பது இன்டர்ன். எந்தக் கண்ணில், எத்தனை மணிக்கு, என்ன சொட்டு விட்டார்கள் என்று கேஸ் ஷீட்டிலும் கட்டில் தலைமாட்டிலும் பெரிதாக எழுதி ஒட்டுவதோடு பிரச்சினை தீரும். நாளைக்குத் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு வரப்போவது நான், அப்போது முதலில் டியூட்டி நர்ஸைப் பார்த்துவிட்டுத்தான் சொட்டு பாட்டிலைத் திறப்பேன்.

அவசரப் பிரிவில் பார்த்த ஒரு பாட்டியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தலை பிளக்கிறது என்றார், வந்ததிலிருந்து வாந்தி. வயதானவர், தலைவலி, வாந்தி என்றால் எல்லோருக்கும் மூளை ரத்தக்கசிவுதான் ஞாபகம் வரும், ஸ்கேனுக்கு எழுதியாயிற்று, அது சரியும்கூட. நான் ஐ.வி. போட்டுக்கொண்டிருக்கும்போது முகத்தைப் பார்த்தேன். ஒரு கண் மட்டும் சிவப்பு. டார்ச் அடித்தால் அந்தக் கருவிழி ஆவி படிந்தாற்போல மங்கல், கண்மணி பாதி விரிந்து அப்படியே நிற்கிறது, சுருங்க மாட்டேன் என்கிறது. இரண்டு ஆள்காட்டி விரலையும் மூடிய இமைமேல் வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்தேன். நல்ல கண் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்தது, மற்றது கல்லாக இறுகியிருந்தது. "விளக்கைப் பார்த்தா சுத்தி வட்டமா கலர் கலரா தெரிஞ்சுதா பாட்டி?" என்று கேட்டால், "ஆமா, நேத்திலேர்ந்து, அதையெல்லாமா டாக்டர்கிட்ட சொல்றது" என்கிறார். கண்ணுக்குள் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும், அவருக்கு 50-ஐத் தாண்டியிருந்தது. கண்ணுக்குள் ஊறுகிற நீர் வடிகிற கோணம் அடைத்துக்கொண்டால் வருவது, திடீர் குளுக்கோமா. சில மணி நேரம் விட்டாலும் பார்வை நரம்பு தாங்காது.

ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது அதற்கப்புறம் நடந்தது. அழுத்தத்தை இறக்க அசிட்டசோலமைடு ஊசி, டிமோலால் சொட்டு, அதற்கும் இறங்காவிட்டால் மானிட்டால் என்று கண் டாக்டர் போனில் சொன்னார், புத்தகத்தில் உள்ளபடி சரியான வரிசை. போனை வைப்பதற்குள் என் சீனியர் பக்கத்திலிருந்து மெதுவாகக் கேட்டார்: பாட்டியின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது, இதயம் எப்படி, ஆஸ்துமா உண்டா? சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு அசிட்டசோலமைடு ஆபத்து. இதயம் பலவீனமானவர்களுக்கு மானிட்டாலை ஏற்றினால் ரத்தக்குழாய்க்குள் நீர் சேர்ந்து நுரையீரல் நிரம்பிவிடும். டிமோலால் சொட்டுதானே என்று நினைப்போம், அது கண்ணீர்க்குழாய் வழியாக மூக்கில் இறங்கி நேராக ரத்தத்தில் கலக்கிறது, ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழாயை இறுக்கும், நாடித்துடிப்பைக் குறைக்கும். பாட்டிக்கு இவை எதுவும் இல்லை, மருந்து கொடுத்தோம், அழுத்தம் இறங்கியது, பிறகு லேசரில், கண்மணியைச் சுற்றியிருக்கிற ஐரிஸ் திரையில் சின்ன ஓட்டை போட்டு நீருக்கு வேறு வழி விட்டார்கள். கண்ணுக்குப் போகிற ஆளுக்கு இதெல்லாம் எதற்கு என்று இனி யாராவது கேட்டால் அந்த மூன்று கேள்விகளைத்தான் பதிலாகச் சொல்வேன்.

மருந்து விஷயத்தில் இது இரண்டு பக்கமும் பாய்கிறது. வார்டில் சேரும்போது என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், கண் சொட்டு மருந்தை யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. நாடித்துடிப்பு ஏன் இப்படிக் குறைந்தது என்று இதயத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம், தலையணைக்குப் பக்கத்தில் மஞ்சள் மூடி போட்ட சின்ன பாட்டில் பேசாமல் இருக்கும். மறுபக்கம் டாம்சுலோசின். புராஸ்டேட் வீக்கத்துக்கு நான் இந்த வருடம் யோசிக்காமல் எழுதித் தள்ளிய மாத்திரை. அது ஐரிஸ் தசையையும் தளர்த்திவிடுகிறது, அதனால் கண்புரை அறுவையின் நடுவில் கண்மணி சுருங்கி, ஐரிஸ் துவண்டு, போட்ட கீறல் வழியாக வெளியே எட்டிப் பார்க்கும். 2005-இல் டேவிட் சாங், ஜான் கேம்பெல் என்ற இருவர் எழுதும்வரை இதற்கும் அந்த மாத்திரைக்கும் தொடர்பு இருப்பது வெளியே தெரியாது. முன்கூட்டியே மாத்திரையை நிறுத்தினாலும் முழுசாகத் தப்ப முடியாது, அறுவை செய்கிறவருக்குத் தெரிந்திருந்தால் அதற்கு ஏற்பாடு செய்துகொள்வார், அவ்வளவே. அப்புறம் லூபஸ், மூட்டுவாதத்துக்குத் தருகிற ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 2016-இல் சொன்னது, ஏனென்றால் விழித்திரையில் அது செய்கிற கெடுதல் திரும்பாது. ஒல்லியான ஆளுக்கு எல்லோருக்கும் எழுதுகிற அதே அளவை எழுதுகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

இறந்தவரை இறந்துவிட்டார் என்று அறிவிக்கிற வேலையும் இன்டர்ன் தலையில்தான் விழும். பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பொறுமையாகக் கேட்க வேண்டும், இமையைத் தூக்கி டார்ச் அடிக்க வேண்டும். கண்மணி விரிந்து அசையாமல் நிற்கும். கண்ணைப் படிக்கப் போகிறவனாக அந்த இடத்தில் நிற்பது கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. ஏனென்றால் அந்தக் கருவிழிக்கு இன்னும் சில மணி நேரம் உயிர் உண்டு, குடும்பத்தார் சம்மதித்தால் இன்னொருவருக்குப் போகும். 1905 டிசம்பரில், இப்போது செக் குடியரசில் இருக்கிற ஓலோமூட்ஸ் நகரத்தில், எடுவர்டு ஸிர்ம் என்ற கண் மருத்துவர் சுண்ணாம்பு பட்டு வெந்துபோன ஒரு தொழிலாளியின் கண்ணில் வேறொருவரின் கருவிழியை வைத்துத் தைத்தார், அது தெளிவாகவே நின்றது. கருவிழியை முழுத் தடிமனோடு மாற்றி வெற்றி பெற்ற முதல் அறுவை அதுதான். உறுப்பு மாற்று என்று நாம் பேசுகிற சிறுநீரகம், இதயம் எல்லாவற்றுக்கும் பல பத்தாண்டுகளுக்கு முந்தியது. அழுதுகொண்டிருக்கிறவர்களிடம் கண் தானம் பற்றிக் கேட்பது சுலபமில்லை. ஆனால் நான் பார்த்தவரை, கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

கண் மருத்துவர்கள் எழுதுகிற குறிப்பு வேறு யாருக்கும் விளங்காது என்பது ஆஸ்பத்திரி வட்டாரத்தில் பழைய நகைச்சுவை. முழுக்கச் சுருக்கெழுத்தும் எண்ணும் வட்டப் படமுமாக இருக்கும், கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு நாங்கள் தாண்டிப் போய்விடுவோம். பதிலுக்கு அவர்கள், பொது மருத்துவர்கள் கண்ணைத் திறந்து பார்க்காமலே "கண்: இயல்பு" என்று எழுதுகிறார்கள் என்பார்கள். இரண்டும் உண்மைதான். எனக்கு இரண்டுமே சிரிப்பாக இல்லை. "எனக்கு மெடிசின் எல்லாம் மறந்துபோச்சு" என்று கண் மருத்துவர் ஒருவர் பெருமையாகச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. பார்வை மங்கலாக இருக்கிறது என்று வருகிறவரின் விழித்திரையில் ரத்தக்கசிவும் பார்வை நரம்பு வீக்கமும் இருந்தால், அடுத்து செய்ய வேண்டியது கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்ப்பது. வயதானவருக்குத் திடீரென்று ஒரு கண் போனால், மெல்லும்போது தாடை வலிக்கிறதா, தலை வாரும்போது உச்சி நோகிறதா என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால் அது பெரும்பாலும் தலைக்குப் போகிற தமனிகளின் சுவரில் வருகிற அழற்சி, ஸ்டீராய்டு உடனே தொடங்காவிட்டால் மற்றக் கண்ணும் போய்விடும். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. இதெல்லாம் மறந்துபோவதில் என்ன பெருமை?

மறக்கட்டும் என்று நான் சந்தோஷமாக விடுகிறவையும் உண்டு. டிஸ்சார்ஜுக்கு எந்தப் படிவத்தில் யார் கையெழுத்து வேண்டும் என்பது, பொட்டாசியத்தை எத்தனை வடிவத்தில் கொடுக்கலாம் என்பது, மலச்சிக்கலுக்கு ராத்திரி மூன்று மணிக்கு வருகிற போன்.

சரி, இனி போகிற இடம். இன்டர்ன் வருடக் கடைசியில் ஒரு மாதிரி தேறிவிடுகிறோம், யாரும் சொல்லாமலே அடுத்து என்ன என்று கை போகிறது, அந்த நேரம் பார்த்துத் தூக்கி மறுபடி முதல் பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். கண்ணில் எனக்கு எதுவும் தெரியாது. பணிவுக்காகச் சொல்லவில்லை. மருத்துவப் படிப்பில் கண்ணுக்கு ஒதுக்கியது சில வாரங்கள். கையில் பிடிக்கிற ஆப்தல்மாஸ்கோப்பால் விழித்திரையைப் பார்த்தேன் என்று தேர்வில் சொன்னவர்களில் பாதிப்பேர் பார்த்தது சிவப்பு வெளிச்சத்தை மட்டும்தான், இது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் அந்தக் கருவியைப் பற்றி நூல் வெளியிடுவதற்கு முன்னால் உயிரோடிருக்கிற மனிதரின் விழித்திரையை நன்றாகப் பார்க்கிற வழியே யாருக்கும் இல்லை. அதற்கு அறுபது வருடம் கழித்து, 1911-இல் ஸ்வீடன் கண் மருத்துவர் குல்ஸ்ட்ராண்ட், கண்ணில் ஒடுங்கிய வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்கிற ஸ்லிட் லேம்ப் கருவியைக் கொண்டுவந்தார், அதே வருடம் நோபல் பரிசும் வாங்கினார். அந்த ஒடுங்கிய வெளிச்சக் கீற்றைச் சாய்வாக விட்டால் அரை மில்லிமீட்டர் தடிமனான கருவிழி அடுக்கடுக்காகத் தெரியும், அதற்குப் பின்னால் இருக்கிற நீரில் ஒரு வெள்ளணு மிதந்து போவதைக்கூடப் பார்க்கலாம். முதல் தடவை அதைப் பார்த்த அன்றுதான் நான் இந்தப் பக்கம் சாய்ந்தேன். உடம்பைத் திறக்காமல், ஸ்கேன் எடுக்காமல், நோய் நடந்துகொண்டிருப்பதை நேரில் பார்க்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

தலையில் மாட்டுகிற இன்டைரக்ட் ஆப்தல்மாஸ்கோப்பை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. கையில் 20 டயாப்டர் பவர் லென்ஸைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும், பிம்பம் தலைகீழாக, இடவலம் மாறி, காற்றில் தொங்கும். மேலே இருப்பது கீழே, மூக்குப் பக்கம் இருப்பது காதுப் பக்கம். அதைப் பார்த்தபடியே படம் வரைய வேண்டும். தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு பார்ப்பதை அப்படியே வரைவது பழைய தந்திரம் என்று ஒரு அக்கா சொல்லிக்கொடுத்தார், பார்க்கலாம்.

அறுவை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். கண்புரை அறுவை இப்போது இரண்டரை மில்லிமீட்டர் அளவுக் கீறலில் முடிகிறது. லென்ஸைச் சுற்றியிருக்கிற பையின் முன்பக்கத்தில் வட்டமாக ஒரு திறப்பு கிழிக்க வேண்டும், உள்ளே இருக்கிற புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்ச வேண்டும், காலியான பைக்குள் செயற்கை லென்ஸை விரிய விட வேண்டும். பையின் பின்பக்கச் சுவர் நடுவில் சுமார் 4 மைக்ரான்தான், ஒரு சிவப்பணுவின் அகலத்தைவிடக் குறைவு. அதைக் கிழித்துவிட்டால் கதை மாறிவிடும். இதில் வேடிக்கை, கை இரண்டு மட்டும் போதாது. ஒரு கால் மைக்ராஸ்கோப்பின் பெடலில், இன்னொரு கால், புரையை உடைத்து உறிஞ்சுகிற ஃபேகோ கருவியின் பெடலில். அந்தப் பெடலை எவ்வளவு மிதிக்கிறோமோ அதற்குத் தகுந்தபடி முதலில் நீர், பிறகு உறிஞ்சல், பிறகு அல்ட்ராசவுண்ட். தையல் மிஷினில் உட்கார்ந்தவர்களுக்குக் காலும் கையும் ஒத்துப்போவது என்ன என்று தெரியும், எனக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

இந்த அறுவையின் கதையைப் படித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் திட்டு வாங்கியிருக்கிறார். பிரெஞ்சு மருத்துவர் ஜாக் டாவியேல் 1747-இல் புரையைக் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிடாமல் வெளியே எடுத்தார், அப்போது மரத்துப்போக வைக்கிற சொட்டு மருந்துகூடக் கிடையாது, அது கார்ல் கோலர் 1884-இல் கொக்கைனை வைத்துக் காட்டிய பிறகு வந்தது. இரண்டாம் உலகப்போரில் விமானத்தின் பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) கூரை சிதறி விமானிகளின் கண்ணுக்குள் போன துண்டுகள் ஒன்றும் செய்யாமல் அப்படியே கிடப்பதைக் கவனித்த கண் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அதே மாதிரிப் பொருளில் செய்த லென்ஸை ஒரு பெண்ணின் கண்ணுக்குள் வைத்தார். கண்ணிலிருந்து அந்நியப் பொருளை எடுப்பதுதான் நம் வேலை, வைப்பதா என்று பெரிய பெரிய ஆட்கள் எதிர்த்தார்கள். வயதான பிறகு அவருடைய இரண்டு கண்ணிலும் அந்த லென்ஸ்தான் இருந்தது. சார்லஸ் கெல்மன் பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது பல்லைச் சுத்தம் செய்கிற அல்ட்ராசவுண்ட் கருவியைப் பார்த்து யோசித்ததுதான் ஃபேகோ, 1967-இல் முதல் நோயாளிக்குச் செய்தார். அவரையும் சும்மா விடவில்லை.

என் கை லேசாக நடுங்கும். எல்லோர் கையும் நடுங்கும், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அது பத்து மடங்காகத் தெரியும், அவ்வளவுதான் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். மணிக்கட்டை எங்கே ஊன்றுவது, நாற்காலி உயரம் என்ன, மூச்சை எப்போது விடுவது என்பதிலேயே பாதி சரியாகிவிடுமாம். நான் கவலைப்படும்போதெல்லாம் கோவிந்தப்ப வெங்கடசாமியை நினைத்துக்கொள்கிறேன். முடக்குவாதத்தில் விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போன மனிதர், மகப்பேறு மருத்துவம் படிக்க நினைத்தவர், அந்த விரல்களோடு கத்தி பிடிக்கப் பழகி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். பணி ஓய்வுக்குப் பிறகு 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். நடுங்குகிற கைக்கு இதைவிட நல்ல சமாதானம் கிடைக்காது.

இப்போதைக்கு இடது கையால் பல் தேய்க்கிறேன், இடது கையால் சட்டைப் பொத்தான் போடுகிறேன். யாரோ கொடுத்த மிச்ச மீதி 10-0 நைலான் நூலை ஒரு ரப்பர் கையுறையில் தைத்துப் பழகுகிறேன். தலைமுடியைவிட மெல்லிய நூல், மேசை மேல் வைத்துவிட்டுத் திரும்பினால் காணாமல் போய்விடும், மூச்சு விட்டாலும் பறக்கும்.

அறுவையைவிட முதல் டியூட்டி ராத்திரிகளைப் பற்றித்தான் எனக்கு யோசனை அதிகம். கண்ணில் ஆசிட்டோ சுண்ணாம்போ பட்டு வந்தால் பார்வையைக்கூடச் சோதிக்காமல் முதலில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், இமையைப் புரட்டி உள்ளே ஒட்டியிருக்கிற துணுக்கை எடுக்க வேண்டும். விழி கிழிந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தாலே அழுத்தக் கூடாது, களிம்பு போடக் கூடாது, கெட்டியான மூடி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். வலியே இல்லாமல் ஒரு கண் பட்டென்று இருண்டுவிட்டது என்றால் அது விழித்திரைக்கு வந்த பக்கவாதம், பக்கவாதத்துக்கு உண்டான அவசரத்தோடு பார்க்க வேண்டும். இவற்றில் எதுவும் காலைவரை காத்திருக்காது. கண் டாக்டருக்கு என்ன ராத்திரி வேலை என்று கேட்கிற நண்பர்களை ஒரு பண்டிகை ராத்திரியில் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்க வேண்டும், பட்டாசுக் காயங்களைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

படிப்பில் மட்டும் ஒரே ஒரு தொல்லை, ஆப்டிக்ஸ், அதாவது ஒளியியல். கண்ணாடிப் பவரில் வருகிற பிளஸ் சிலிண்டரை மைனஸ் சிலிண்டராக மாற்றி எழுதுகிற கணக்கு ராத்திரி புரிகிறது, காலையில் மறந்துபோகிறது. கண்ணின் பவரைக் கண்டுபிடிக்கிற பழைய ரெட்டினோஸ்கோப் ஒன்றைக் கடன் வாங்கி வந்து வீட்டில் யார் உட்கார்ந்தாலும் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறேன், இப்போதெல்லாம் நான் அறைக்குள் வந்தாலே எழுந்து போய்விடுகிறார்கள். தம்பிக்கு இடது கண்ணில் சின்னதாக ஒரு சிலிண்டர் பவர் இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். வேறு யாராவது பார்த்துச் சொன்னால் நம்புகிறேன் என்கிறான்.